கீபோர்டுக்காரருக்கும் இடம் உண்டு

1977இல் மான்செஸ்டர் நகரின் லீவர் தெருவில் இருந்த வர்ஜின் ரெக்கார்ட்ஸ் கடையின் அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு தொங்கியது. இசைக்குழுவுக்கு ஆள் தேவை, வேகமான பாட்டும் இருக்கும், மெதுவான பாட்டும் இருக்கும், பங்க் மனப்பான்மை கட்டாயமில்லை. சாரம் இவ்வளவுதான். எழுதியவர் யாரென்று தெரிந்தால்தான் அந்தக் கடைசி நிபந்தனையின் குறும்பு புரியும். மான்செஸ்டருக்குப் பங்க் இசையைக் கொண்டுவந்து இறக்கியவரே அவர்தான். பெயர் ஹோவர்ட் டிவோட்டோ.

அந்தச் சீட்டைத் தொங்கவிட்டுச் சேர்த்த குழு மேகஸின். அவர்களுடைய முதல் இசைத்தட்டு 'ரியல் லைஃப்', 1978 ஜூனில் வர்ஜின் நிறுவனம் வெளியிட்டது. பங்க் வந்து புரோகிரசிவ் ராக்கைக் கொன்றது என்று ராக் வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வது வழக்கம். கொலை நடந்ததாகச் சொல்லப்படும் இடத்திலேயே, கொலையாளி என்று பேரெடுத்தவரே, செத்ததாகச் சொல்லப்பட்டதை எழுப்பி உட்காரவைத்துச் சோறு போட்டிருக்கிறார் என்பதற்கு இந்தத் தட்டுதான் சாட்சி.

நான் விமர்சகன் இல்லை. மெல்லிசைக் கச்சேரிகளில் பல வருடம் பேஸ் கிட்டார் வாசித்தவன். மேடையில் பாடகருக்குப் பின்னால், டிரம்ஸுக்குப் பக்கத்தில், வெளிச்சம் விழாத இடத்தில் நிற்கிற ஆள். அதனால் இந்தக் கதையிலும் பாடகரைவிடப் பின்வரிசைக்காரர்கள் மேல்தான் என் கண் போகிறது. இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சண்டை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் புரோகிரசிவ் ராக் கொடிகட்டிப் பறந்தது. 'யெஸ்' குழு 1973இல் ஒரு இரட்டை இசைத்தட்டு போட்டது. நான்கு பக்கத்துக்கு மொத்தம் நான்கே பாட்டு. அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்த ரிக் வேக்மன், 1975இல் ஆர்தர் மன்னன் கதையை வெம்ப்ளி அரங்கில் பனித்தரை அமைத்து, சறுக்கு ஆட்டக்காரர்களை வைத்து நடத்தினார். எமர்சன், லேக், பால்மர் மூவரும் 1977இல் எழுபது பேர் கொண்ட வாத்தியக் குழுவோடு அமெரிக்கச் சுற்றுப்பயணம் கிளம்பி, செலவு தாங்காமல் கொஞ்ச நாளிலேயே அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தில் வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. பதினெட்டு வயதுப் பையனுக்கு மெல்லோட்ரான் என்ற கீபோர்டு வாங்கக் காசும் கிடையாது, இருபது நிமிடப் பாட்டு உட்கார்ந்து கேட்கப் பொறுமையும் கிடையாது. மூன்று கார்டு, இரண்டரை நிமிடம், எவனும் வாசிக்கலாம் என்று பங்க் வந்தது. செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடகர் ஜானி ராட்டன், பிங்க் ஃபிளாய்ட் சட்டையில் 'எனக்குப் பிடிக்காது' என்ற பொருளில் இரண்டு சொல்லைக் கையால் எழுதி மாட்டிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் இதே ராட்டன் 1977 ஜூலையில் லண்டன் கேபிடல் ரேடியோவுக்குப் போய்த் தன் சொந்தத் தட்டுகளைப் போட்டுக் காட்டியபோது அதில் பீட்டர் ஹாமில் இருந்தார். வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற அசல் புரோகிரசிவ் குழுவின் பாடகர். வாசலில் ஒன்று, வீட்டுக்குள் ஒன்று. ரசிகன் கட்சி கட்டுவான், பாடகன் எல்லாவற்றையும் கேட்பான். நம் ஊரிலும் அப்படித்தான்.

டிவோட்டோவுக்கு வருவோம். 1976 தொடக்கத்தில் அவர் போல்டன் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர். கூட்டாளி பீட் ஷெல்லியும் அங்கேதான். பத்திரிகையில் செக்ஸ் பிஸ்டல்ஸ் பற்றி ஒரு கச்சேரி விமர்சனம் வாசித்துவிட்டு, இரண்டு பேரும் ஒரு காரைக் கடன் வாங்கிக்கொண்டு லண்டன் பக்கம் போய் அவர்கள் கச்சேரியை இரண்டு ஊரில் பார்த்தார்கள். திரும்பி வந்து, எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று அழைத்தார்கள். ஜூன் 4ஆம் தேதி லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் கச்சேரி. நுழைவுக் கட்டணம் 50 பென்ஸ். வந்தவர்கள் நாற்பது பேர் இருக்கலாம். பிற்காலத்தில் நானும் இருந்தேன் என்று சொன்னவர்களைக் கூட்டினால் அந்த அரங்கமே தாங்காது. ஆனால் பின்னால் ஜாய் டிவிஷன் ஆரம்பித்தவர்கள் அங்கே இருந்தது உண்மை.

அன்று ராத்திரி பற்றி எழுதுகிறவர்கள் அதிகம் சொல்லாத விஷயம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். டிவோட்டோவும் ஷெல்லியும் தொடங்கியிருந்த பஸ்காக்ஸ் குழுதான் பிஸ்டல்ஸுக்கு முன்னால் வாசித்திருக்க வேண்டும். அவர்கள் தயாராகவில்லை. அவசரத்துக்குப் போல்டனிலிருந்து சோல்ஸ்டிஸ் என்ற குழுவைக் கூட்டிவந்து மேடையேற்றினார்கள். பழைய பாணியில் நீளநீளமாக வாசிக்கிற ராக் குழு. ஆக, வடக்கு இங்கிலாந்தில் பங்க் பிறந்த நாளில் முதல் நிகழ்ச்சியே பங்க் ஒழிக்க வந்ததாகச் சொல்லப்படும் இசைதான்!

இடமும் சாதாரண இடம் இல்லை. 1819இல் வாக்குரிமை கேட்டுத் திரண்ட கூட்டத்தின் மேல் குதிரைப்படை பாய்ந்த பீட்டர்லூ மைதானத்தில் எழுந்த கட்டடம் அது. கீழே இருந்த பெரிய அரங்கில்தான் 1966 மே மாதம் பாப் டிலன் மின்சார கிட்டாரோடு நின்றபோது கூட்டத்திலிருந்து ஒருவர் யூதாஸ் என்று கத்தினார். நாட்டுப்புறப் பாட்டுக்குத் துரோகம் செய்துவிட்டாராம். பத்து வருடம் கழித்து, மாடியில் இருந்த சின்ன அரங்கில் தொடங்கிய கூட்டத்துக்கும் துரோகிகள் தேவைப்பட்டார்கள். டிவோட்டோவைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கவில்லை.

ஜூலை 20ஆம் தேதி பிஸ்டல்ஸ் மறுபடி வந்தபோது பஸ்காக்ஸும் வாசித்தார்கள். டிசம்பர் 28ஆம் தேதி, 500 பவுண்டு கடன் வாங்கி, மார்ட்டின் ஹன்னெட்டைத் தயாரிப்பாளராக வைத்து, ஒரே நாளில் நான்கு பாட்டுப் பதிந்தார்கள். 1977 ஜனவரி கடைசியில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற அந்தச் சின்னத் தட்டை நியூ ஹார்மோன்ஸ் என்று தாங்களே பெயர் வைத்த கம்பெனியில் வெளியிட்டார்கள். முதலில் அடித்தது ஆயிரம் பிரதிதான். கம்பெனி தயவில்லாமல் தட்டுப் போடலாம் என்று இங்கிலாந்து இளைஞர்களுக்குக் காட்டியது அது. அதில் 'போர்டம்' என்ற பாட்டில் ஷெல்லி வாசிக்கும் சோலோ இரண்டே சுரம். இரண்டு சுரத்தை வைத்துக்கொண்டு அலுப்பை அப்படியே காதில் ஊற்றுகிறார். தெரியாமல் செய்ததில்லை, நன்றாகத் தெரிந்தே செய்தது.

தட்டு வந்த சில நாளில் டிவோட்டோ குழுவைவிட்டு விலகிவிட்டார். புதிது என்று வந்தது அதற்குள் பழசாகிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். லண்டன் பத்திரிகைகள் பங்க் என்ற சொல்லையே அப்போதுதான் சரியாக எழுத்துக்கூட்டத் தொடங்கியிருந்தன. நாட்டில் பாதிப் பையன்கள் இனிமேல்தான் முடியை வெட்டப்போகிறார்கள். இந்த மனிதர் பந்தியில் முதல் ஆளாகச் சாப்பிட்டுக் கைகழுவி எழுந்துபோய்விட்டார்.

இனி என் ஆட்கள். கிட்டாருக்கு ஜான் மக்கியோக். ஸ்காட்லாந்தின் கிரீனாக் ஊர்க்காரர், மான்செஸ்டர் பாலிடெக்னிக்கில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தவர். சாக்ஸஃபோனும் வாசிப்பார். டிரம்ஸுக்கு மார்ட்டின் ஜாக்ஸன். கீபோர்டுக்கு பாப் டிக்கின்சன். பேஸ் கிட்டாருக்கு பேரி ஆடம்ஸன். மான்செஸ்டரின் மாஸ் சைடில் பிறந்தவர், அப்பா ஜமைக்கா. அப்போது பத்தொன்பது வயது. சீட்டைப் பார்த்துவிட்டுப் பேசியபோது அவருக்கு பேஸ் வாசிக்கத் தெரியாது. நண்பர் கொடுத்த கிட்டாரில் இரண்டு கம்பிதான் இருந்தது, மீதி இரண்டை வாங்கி மாட்டி ஒரே ராத்திரியில் கற்றுக்கொண்டு போனார் என்பது கதை. ஒரே ராத்திரி என்பதில் கொஞ்சம் கூட்டல் இருக்கலாம். ஆனால் தட்டைக் கேட்டால் நம்பத் தோன்றும். எங்களைப் போலப் பாடம் கேட்டு வளர்ந்த பேஸ்காரன் முதல் சுரத்தில் போய் ஒளிந்துகொள்வான், டிரம்ஸின் கிக்கோடு ஒட்டிக்கொள்வான். அப்படி ஒரு விதி இருப்பதே ஆடம்ஸனுக்குத் தெரியாது. அவர் பேஸ் முன்னால் வந்து பாட்டின் மெட்டையே பாடுகிறது.

டிக்கின்சன் சில மாதத்தில் போய்விட்டார். அந்த இடைவெளியில், கீபோர்டு இல்லாமலே முதல் சிங்கிள் 'ஷாட் பை போத் சைட்ஸ்' 1978 ஜனவரியில் வந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் சுடப்படுகிறவனின் பாட்டு. அதன் மேலேறிப்போகும் கிட்டார் வரி ஷெல்லி கொடுத்தது. அவரே அதைப் பிறகு பஸ்காக்ஸுக்காக 'லிப்ஸ்டிக்' என்ற பாட்டிலும் வைத்துக்கொண்டார். சண்டையில்லாமல் ஒரு மெட்டு இரண்டு குழுவில் குடும்பம் நடத்தியது. பாட்டு விற்பனைப் பட்டியலில் 41ஆம் இடம் வரை ஏறியது. நாற்பதுக்குள் வந்திருந்தால் கதையே வேறு. பிபிசியின் டாப் ஆஃப் த பாப்ஸ் நிகழ்ச்சிக்கும் கூப்பிட்டார்கள். முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு வந்த டிவோட்டோ கேமரா முன்னால் ஆடாமல் அசையாமல் நின்று பாடினார். பல லட்சம் வீடுகளில் தெரிகிற நிகழ்ச்சி. அதற்குப் பிறகு பாட்டு ஒரு இடம்கூட மேலே ஏறவில்லை.

அந்தச் சமயத்தில் உள்ளே வந்தவர் டேவ் ஃபார்முலா. இந்தக் கட்டுரையே அவருக்காகத்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1946இல் பிறந்தவர், குழுவில் சேரும்போது முப்பதைத் தாண்டியாயிற்று. 1966 தொடக்கத்தில், செயின்ட் லூயிஸ் யூனியன் என்ற மான்செஸ்டர் குழுவில் ஆர்கன் வாசித்து, பீட்டில்ஸின் 'கேர்ள்' பாட்டை மறுபடி பதிந்து, பட்டியலில் 11ஆம் இடம் பார்த்தவர். பங்க் கூட்டத்தின் கணக்கில் முப்பது வயது என்பது ஓய்வூதிய வயது. பத்தொன்பது வயது பேஸ்காரர், முப்பத்தொரு வயது கீபோர்டுக்காரர். ஒருவருக்கு விதியே தெரியாது, இன்னொருவருக்கு எல்லா விதியும் மனப்பாடம். நடுவில் ஓவியம் படித்த கிட்டார்காரர். 'ரியல் லைஃப்' தட்டின் ஓசை இந்தச் சேர்க்கையிலிருந்துதான் வருகிறது, யாரும் கொள்கை அறிக்கை எழுதி உண்டாக்கியதில்லை.

கீபோர்டு வைத்த பங்க் குழு அதற்கு முன்னால் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஸ்ட்ராங்ளர்ஸ். அவர்களின் முதல் தட்டு 1977 ஏப்ரலிலேயே வந்து 4ஆம் இடம் பிடித்தது. டேவ் கிரீன்ஃபீல்டு ஆர்கனில் விளையாடியிருப்பார். ஆனால் ஸ்ட்ராங்ளர்ஸ் பங்க் அலைக்கு முன்னமே பப்களில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள், அலை வந்தபோது ஏறிக்கொண்டார்கள். உள்ளேயிருந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர் டிவோட்டோதான்.

தயாரிப்பாளர் ஜான் லெக்கி. 1970இல் அபே ரோடு ஸ்டூடியோவில் டேப் ஓட்டுகிற பையனாகச் சேர்ந்து, பிங்க் ஃபிளாய்டின் 'மெடில்' தட்டுக்கு ஒலிப்பதிவு செய்தவர். ராட்டன் சட்டையில் திட்டிய அதே பிங்க் ஃபிளாய்ட். அதே லெக்கிதான் அப்போது எக்ஸ்டிசி போன்ற புதிய குழுக்களுக்கும் பதிவு செய்துகொண்டிருந்தார். கம்பெனியும் அப்படித்தான். வர்ஜின் 1973இல் தொடங்கியதே மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்' தட்டால். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே இசை. அந்தக் காசில் வளர்ந்த கம்பெனி 1977 மே மாதம் செக்ஸ் பிஸ்டல்ஸை ஒப்பந்தம் செய்தது. முதலாளிக்குப் பங்க்கும் புரோகிரசிவும் ஒரே கல்லாவில் விழுகிற சில்லறை. பத்திரிகைகளில்தான் இரண்டும் எதிரிகள்.

வர்ஜினின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியைக் கொண்டும் அபே ரோடிலும் பதிவு நடந்தது. அட்டையில் ஓவியர் லிண்டர் ஸ்டெர்லிங் அச்செடுத்த தலைகள். பஸ்காக்ஸின் புகழ்பெற்ற இஸ்திரிப் பெட்டித் தலை ஒட்டோவியமும் அவருடையதே.

ஒன்பது பாட்டு. முதல் பாட்டு 'டெஃபினிடிவ் கேஸ்'. பங்க் குழுவின் தட்டு என்று நம்பி வாங்கியவர் ஊசியை வைத்ததும் திகைத்திருப்பார். பேஸும் டிரம்ஸும் உருள, மேலே ஃபார்முலாவின் கீபோர்டு உளவாளிப் படத்தின் தலைப்பிசை போல வருகிறது. பாடகர் வாய் திறக்க நேரமாகிறது. இதே குழு சில மாதம் முன்பு ஜான் பாரியின் 'கோல்டுஃபிங்கர்' பாட்டை ஒரு சிங்கிளின் பின்பக்கம் வாசித்திருந்தது, ஆக சினிமா இசை மேல் இருந்த ஆசை ஒளிவுமறைவானதில்லை. 'மை டுல்பா' திபெத்திய நம்பிக்கையிலிருந்து பெயரெடுத்த பாட்டு, மனத்தால் நினைத்தே உருவாக்கிய ஆள் பற்றியது. 'ரீகாயில்' மூன்று நிமிடத்துக்குள் முடிகிற அசல் பங்க், எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. 'பர்ஸ்ட்' மெதுவாக நகர்ந்து, கடைசியில் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு விடாமல் சுற்றுகிறது.

பின்பக்கம் 'மோட்டர்கேட்'. டிக்கின்சன் விட்டுப்போன மெட்டு. கார் ஊர்வலம், கூட்டம், பின் இருக்கையில் பெரிய மனிதர். 1963இல் டல்லஸில் கென்னடி காரில் சுடப்பட்ட நினைவு வராமல் கேட்க முடியாது. கீபோர்டு பனிமூட்டம் போட, ஊர்வல வேகத்திலேயே தொடங்குகிறது. பிறகு வேகம் ஏறுகிறது. மெல்லிசைக் குழுவில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், ஓடாதே என்பது. தாளம் அரைக்கால் முன்னால் போனாலும் லீடர் திரும்பி முறைப்பார். இந்தப் பாட்டில் ஐந்து பேரும் சேர்ந்து ஓடுகிறார்கள். பாதி வழியில் மக்கியோக்கின் கிட்டார் பாய்ந்து வந்து, எல்லாம் கைமீறிப்போனது போல ஒலிக்கிறது. கைமீறவில்லை. ஐந்து பேரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். மெதுவாகத் தொடங்கி, பகுதி பகுதியாக மாறி, கதை சொல்லி வளர்வது புரோகிரசிவ் கற்றுக்கொடுத்த கட்டுமானம். ஆறு நிமிடத்துக்குள் முடித்துவிட்டு, வியர்வையோடு நிற்பது பங்க் கற்றுக்கொடுத்தது. இரண்டையும் கலந்த தட்டு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கலந்த இடம் எங்கே என்று கேட்டால் நான் இந்தப் பாட்டைத்தான் காட்டுவேன்.

அடுத்தது 'த கிரேட் பியூட்டிஷியன் இன் த ஸ்கை', மூன்று மாத்திரையில் திருவிழா ராட்டினம் போலச் சுழல்வது. ஃபார்முலாவுக்குக் கொண்டாட்டம், எனக்கு அலுப்பு. பிறகு 'த லைட் போர்ஸ் அவுட் ஆஃப் மி'. இதிலும் ஷெல்லிக்குப் பங்குண்டு. ஜாக்ஸனின் கனத்த டிரம்ஸ் தனியாக நடந்துவர, ஆடம்ஸனின் பேஸ் வந்து சேர, அதன் பிறகு ஃபிளாஞ்சர் போட்ட கிட்டார் அலை அலையாக. ஒவ்வொருவராகக் கதவைத் தட்டி உள்ளே வருகிறார்கள். பேஸ் வரி மிகச் சின்னது. ஆறு மாதம் கற்ற பையன்கூட வாசித்துவிடலாம். அந்த நிதானத்தோடு வாசிக்க எனக்கு இன்னும் வரவில்லை. கடைசியில் 'பரேட்', பியானோ, மெதுவான பாட்டு. சீட்டில் சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார்.

தட்டு 29ஆம் இடம் பிடித்தது. மோசமில்லை. ஆனால் அதற்குமேல் குழு வளரவில்லை. அடுத்த வருடம் வந்த இரண்டாம் தட்டில் கீபோர்டு இன்னும் அதிகமாக, விமர்சகர்கள் சிலர் பழைய ஆடம்பரம் திரும்பிவிட்டது என்று குதறினார்கள். 1980இல் மூன்றாவது தட்டை மார்ட்டின் ஹன்னெட் செய்துகொடுத்தார். அதே வருடம் மக்கியோக் விலகி சூசி அண்ட் த பேன்ஷீஸில் சேர்ந்தார். 1981இல் மேகஸின் கலைந்தது.

அதன் பிறகுதான் ஆட்கள் பரவினார்கள். ஆடம்ஸன், நிக் கேவின் குழுவில் வாசித்து, பிறகு தனியாகச் சினிமா இசைபோல் ஒலிக்கும் தட்டுகள் போட்டார். ஜாக்ஸன் முதல் தட்டோடே கிளம்பிவிட்டவர், எட்டு வருடம் கழித்து ஸ்விங் அவுட் சிஸ்டர் என்ற மினுமினுப்பான பாப் குழுவில் தலைகாட்டினார். லெக்கி 1989இல் ஸ்டோன் ரோஸஸின் முதல் தட்டையும், 1995இல் ரேடியோஹெட்டின் 'த பெண்ட்ஸ்' தட்டையும் தயாரித்தார். ரேடியோஹெட்டின் ஜானி கிரீன்வுட், மக்கியோக்கின் கிட்டார் மேல் உள்ள மரியாதையை மறைத்தவரில்லை. மூன்று கார்டில் தொடங்கி, பகுதி பகுதியாக மாறும் நீண்ட பாட்டுக்குப் போன குழு ரேடியோஹெட் என்பதை நினைத்துப் பார்த்தால் எந்த ஊற்றிலிருந்து எந்த வாய்க்கால் போயிற்று என்று தெரியும். மக்கியோக் கடைசிக் காலத்தில் இசையை விட்டு நர்ஸ் வேலைக்குப் படித்தார். 2004இல் நாற்பத்தெட்டு வயதில் காலமானார். டிவோட்டோ புகைப்பட ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தார். 2009இல் மேகஸின் மறுபடி மேடையேறியபோது மக்கியோக்கின் இடத்தில் வேறொருவர் நின்றார். ஃப்ரீ டிரேட் ஹால் அதற்குள் ஓட்டலாகியிருந்தது.

கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2007இல் மறுபதிப்பாக வந்த தட்டில், ஒன்பது பாட்டுக்குப் பின்னால் பழைய சிங்கிள்களையும் சேர்த்திருக்கிறார்கள். அதில் 'ஷாட் பை போத் சைட்ஸ்' கீபோர்டு இல்லாத முதல் வடிவம் இருக்கிறது. முன்னால் மூன்றாவது பாட்டாக ஃபார்முலா சேர்ந்து மறுபடி பதிந்த வடிவம் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். பங்க் ரசிகர்கள் முதல் வடிவத்துக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள், வேகமும் கோபமும் அதில்தான் அதிகம். என் ஓட்டு முப்பத்தொரு வயது ஆர்கன்காரர் வாசித்ததற்கு.